முளைத்த பூண்டை என்ன செய்வது? – அடுப்படிக் கேள்வி பதில்

அடைமழைக் காலம் வந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பூண்டின் வாசம் கூடிவிடுகிறது. கூடையில் வைத்த பூண்டு பச்சைக் குருத்து விட்டுவிட்டது, எறிவதா சமைப்பதா என்பதைத்தான் பலரும் பலவிதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை வேறு எதையும் தொடாமல் பூண்டுக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

விலை குறைந்த நேரம் பார்த்து ஒரு கிலோ பூண்டு வாங்கி வைத்தேன். பாதிக்கு மேல் முளைத்துவிட்டது. முளைத்த உருளைக்கிழங்கைப் போல முளைத்த பூண்டும் விஷம் என்று சொல்லி, என் மாமியார் அதைக் குப்பையில் போடச் சொல்கிறார். அத்தையை எதிர்த்துப் பேசவும் மனமில்லை. பூண்டை எறியவும் மனமில்லை. – வாசகி, தென்காசி

உங்கள் அத்தையின் எச்சரிக்கை உருளைக்கிழங்கைப் பொறுத்தவரை முழுக்கச் சரியானது. உருளைக்கிழங்கு முளைக்கும்போதும், வெளிச்சம் பட்டுத் தோல் பச்சையாகும்போதும், சோலனைன், சாகோனைன் என்னும் நச்சுப் பொருள்கள் முளையிலும் தோலிலும் கூடுகின்றன; வேகவைத்தாலும் அவை பெரும்பாலும் அழிவதில்லை. அந்த அச்சத்தை அவர் பூண்டுக்கும் நீட்டித்துவிட்டார், அவ்வளவுதான். பூண்டு வெங்காயத்தின் இனம். முளைக்கும்போது அதில் அத்தகைய நஞ்சு எதுவும் உருவாவதில்லை. முளைத்த வெங்காயத்தின் தாளை நறுக்கி முட்டைப் பொரியலில் போடத் தயங்காத நாம், பூண்டின் முளைக்கு அஞ்சுவதற்குக் காரணமில்லை என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

நஞ்சில்லை என்பதால் முளைத்த பூண்டெல்லாம் சமையலுக்கு நல்லது என்று ஆகிவிடாது. நாம் உரித்துப் போடும் ஒவ்வொரு பல்லும், நடுவில் இருக்கும் ஒரு சிறு மொட்டைச் சுற்றி உணவைச் சேர்த்து வைத்துத் தடித்துப்போன ஓர் இலைதான். மொட்டு விழித்துக் குருத்தாக நீளத் தொடங்கியதும், பல்லில் உள்ள சேமிப்பைத் தின்று வளர்கிறது. தொடக்கத்தில் பல்லுக்கு ஒரு குறையும் தெரியாது. நாளாக நாளாக அது தளர்ந்து, சுருங்கி, நார் போலாகி, வாசனையும் மங்கிவிடும். எனவே குருத்து வந்திருக்கிறதா என்று பார்ப்பதைவிட, பல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே சரியான சோதனை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். கல் போல நின்றால், குருத்து விரல்நீளம் வந்திருந்தாலும் சமைக்கலாம். பஞ்சு போல அமுங்கினால், குருத்து வெளியே தெரியாவிட்டாலும் அது குழம்புக்கு ருசி சேர்க்காது.

பல்லின் சதைமேல் நீலமோ பச்சையோ கலந்த பூசணமோ கரும்பொடியோ படர்ந்திருந்தால், அந்த இடத்தை மட்டும் அரிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்ற சிக்கனம் வேண்டாம். முழுப் பல்லையும் எறிந்துவிட்டு, ஒட்டியிருக்கும் அடுத்த பற்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில பற்கள் மெழுகு போல மஞ்சளித்து, ஒளி ஊடுருவும்படி இருப்பதையும் கண்டிருப்பீர்கள். அதற்கும் முளைக்கும் தொடர்பில்லை. விளைச்சலின்போதோ சேமிப்பிலோ வெப்பம் மிகுந்தால் பூண்டுக்கு வரும் கோளாறு அது. பிசுபிசுத்து இனிப்பு வாடை அடிக்கும் அந்தப் பற்களை நான் சமையலில் சேர்ப்பதில்லை. இவற்றை நீக்கினால் உங்கள் ஒரு கிலோவில் முக்கால் கிலோவாவது தேறும் என்று நினைக்கிறேன். 2024-இல் கிலோ 400 ரூபாயைத் தாண்டி விற்ற நாட்களை நினைத்துப் பார்த்தால், உட்கார்ந்து பொறுக்குவது வீண் வேலையாகத் தோன்றாது.

கூடையில் வெளியே வைத்த பூண்டு மாதக்கணக்கில் இருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பூண்டுதான் முதலில் முளைக்கிறது. குளிரில் எல்லாமே தூங்கிப்போகும் என்றல்லவா நினைத்தேன்? – வாசகர், கோயம்புத்தூர்

பூண்டுக்குக் குளிர்தான் எழுப்பும் மணி. அறுவடையான பூண்டு சில மாதங்கள் உறக்கநிலையில் இருக்கும். ஈரம் பட்டாலும் எளிதில் முளைக்காது. அந்த உறக்கத்தை விரைவாகக் கலைப்பது ஏறத்தாழ 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர். நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் இருப்பது கிட்டத்தட்ட அதே குளிர்தான். குளிர்காலம் வந்துவிட்டது, அடுத்து வசந்தம், வேர்விட வேண்டிய நேரம் என்று பூண்டு தன் கணக்கில் சரியாகத்தான் முடிவெடுக்கிறது. பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்தால் இன்னும் வேகமாக முளைக்கும். வணிகக் குளிர்பதனக் கிடங்குகளில் பூண்டு முளைக்காமல் இருப்பதற்குக் காரணம், அங்கே வெப்பநிலையை 0 டிகிரியை ஒட்டியும், காற்றின் ஈரப்பதத்தை 60 முதல் 70 விழுக்காட்டுக்குள்ளும் வைத்திருப்பதுதான். அந்தக் குளிரில் உறக்கம் கலைந்தாலும் குருத்தால் நீள முடியாது. நம் வீட்டுப் பெட்டி இரண்டுங்கெட்டான் நிலை: குருத்தை எழுப்பும் அளவுக்குக் குளிர் இருக்கிறது, அடக்கும் அளவுக்கு இல்லை.

மறுபுறம், 25 டிகிரிக்கு மேல் போனால் முளைப்பது மந்தமாகிவிடுகிறது. நம் ஊர்ச் சமையலறைக் கூடை பல மாதங்கள் 30 டிகிரியில் இருப்பதால்தான் அதிலுள்ள பூண்டு பொறுமையாகக் காத்திருக்கிறது. அதற்கு விலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து எடை இழக்கிறது. ஆனால் கூடைப் பூண்டுக்கும் ஒரு கெடு உண்டு. நமக்கு வரும் பூண்டில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் போன்ற வட்டாரங்களிலிருந்து வருகிறது. அங்கே மாசி முதல் சித்திரை வரை அறுவடை நடக்கிறது. அந்தப் பூண்டு நம் வீட்டில் ஐப்பசி, கார்த்திகை வரை கிடந்தால் அதன் வயது ஏழெட்டு மாதம்; உறக்கம் தானாகவே தீர்ந்துவிட்ட நிலை. போதாதற்கு அடைமழையின் குளுமையும் ஈரமும் சேர்கின்றன. அதே வாரங்களில் அது விளைந்த நிலத்தில் அடுத்த போகத்துக்குப் பூண்டு ஊன்றிக்கொண்டிருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சற்று வியப்பாகத்தான் இருக்கும்.

உங்கள் ஊருக்கு அருகிலேயே, மேட்டுப்பாளையம் மண்டிகளில் நீலகிரிப் பூண்டு ஏலம் போகிறது. வட மாநில வணிகர்கள் விதைக்காக அதை வாங்கிச் செல்கிறார்கள். சமையலுக்கு வாங்குபவர் குருத்தைக் கண்டால் முகம் சுளிப்பார். விதைக்கு வாங்குபவருக்கு அந்தக் குருத்துதான் வேண்டும். விதைப்பூண்டு நடுவதற்குத் தயாராகிவிட்டதா என்று அறிய, பல்லை நெடுக்காகப் பிளந்து, உள்ளே இருக்கும் குருத்து பல்லின் நீளத்தில் எத்தனை பங்கு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பது வேளாண்மையில் உள்ள முறை. 70 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் நடலாம் என்பது கணக்கு. இதை நீங்களும் செய்து பார்க்கலாம். வெளியே ஒன்றும் தெரியாத பல்லைப் பிளந்து, உள்ளே குருத்து பாதிக்கு மேல் ஏறி வெளிர்பச்சையாக இருந்தால், அந்த வலைப்பையில் உள்ள பூண்டை முதலில் செலவழியுங்கள்.

முழுப் பூண்டைக் காற்றோட்டமான கூடையிலோ வலைப்பையிலோ, அடுப்பின் நீராவி படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் முடிந்து வைத்தால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். தாளோடு கட்டு கட்டாகக் கட்டிக் கூரையடியில் தொங்கவிடும் மலைக் கிராமத்து வழக்கத்திலும் இதே அறிவுதான் இருக்கிறது. உரித்த பற்களுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அவற்றைக் குளிரில்தான் வைத்தாக வேண்டும், சில நாட்களுக்குள் தீர்த்துவிடவும் வேண்டும்.

முளைத்த பூண்டைப் போட்டு அரைத்த காரச் சட்டினி கசந்துவிட்டது. அதே பூண்டில் வைத்த ரசம் நன்றாகவே இருந்தது. எதற்குப் போடலாம், எதற்குப் போடக் கூடாது? குருத்தை எடுத்தே ஆக வேண்டுமா? – வாசகி, திண்டுக்கல்

உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. பச்சையாக அரைப்பதற்கும் கொதிக்க வைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இதன் அடிப்படை. பூண்டை நசுக்கும்போது, அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் கலந்து, நாசியில் ஏறும் காரம் கொண்ட அல்லிசின் உண்டாகிறது. பச்சைச் சட்டினியில் அந்தக் காரத்தைத் தணிக்க எதுவும் இல்லை. அதோடு பச்சைக் குருத்தின் புல்வாடையும் கசப்பும் சேர்ந்தால் நாக்கு அதை உடனே கண்டுபிடித்துவிடும். கொதி வந்ததும் நொதி செயலிழந்து காரம் தணிந்துவிடும். குருத்தின் கசப்பும் புளி, மிளகு, சீரகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஆகவே வற்றல் மிளகாய், உப்பு, பூண்டு வைத்துப் பச்சையாக அரைத்து நல்லெண்ணெய் ஊற்றும் காரச் சட்டினிக்கும், தயிர்ப் பச்சடிக்கும் குருத்தை எடுத்தே ஆக வேண்டும். பல்லை நெடுக்காகப் பிளந்து கத்தி முனையால் நெம்பினால் முழுதாக வந்துவிடும். ரசத்துக்குத் தோலோடு நசுக்கிப் போடுகிறவர்கள் குருத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

வதக்கும்போது வேறொரு சிக்கல் இருக்கிறது. குருத்து மெல்லியதாக இருப்பதால், பல் பொன்னிறமாகும் முன்பே அது கருகிவிடும். கருகிய பூண்டின் கசப்பு குருத்தின் கசப்பைவிட மோசமானது. எண்ணெயில் தாளிப்பதற்கும் சிவக்க வறுப்பதற்கும் குருத்தை நீக்கிவிடுங்கள், அல்லது தனியே நறுக்கி வைத்துக் கடைசியில் போடுங்கள். குருத்தைக் குப்பையில் போட வேண்டியதில்லை என்பது என் கட்சி. வெங்காயத்தாளைப் போலப் பொடியாக நறுக்கி முட்டைத் தோசையிலும், கீரைக் கடைசலிலும், இறக்கிய பருப்பிலும் தூவலாம். நிறையச் சேர்ந்தால் துவரம்பருப்பும் மிளகாயும் வறுத்துச் சேர்த்து ஒரு துவையலே அரைக்கலாம். புளியை மட்டும் வழக்கத்தைவிடச் சற்றுத் தாராளமாக வையுங்கள், அந்தப் பச்சை வாடைக்கு அது வேண்டியிருக்கிறது.

பூண்டுக் குழம்புக்கு மட்டும் நான் சற்றுக் கண்டிப்பானவள். அந்தக் குழம்பின் அழகே, முழுப் பல் எண்ணெயிலும் புளியிலும் வெந்து, சோற்றோடு சேர்த்து அழுத்தினால் வெண்ணெயாகக் கரைவதில்தான் இருக்கிறது. குருத்து விரல்நீளம் வளர்ந்து தளர்ந்த பல், எத்தனை நேரம் கொதித்தாலும் அப்படிக் கரையாமல் சக்கையாக நிற்கும். எனவே கெட்டியான பற்களாக நாற்பது பொறுக்கி, பெரியவற்றைப் பிளந்து குருத்தை எடுத்துவிட்டு முழுப்பல்லாகப் போடுங்கள்; தளர்ந்த பத்துப் பற்களைக் கைப்பிடிச் சின்ன வெங்காயத்தோடும் ஒரு தக்காளியோடும் வதக்கி அரைத்து, குழம்பைத் திக்காக்கப் பயன்படுத்துங்கள். ஐந்து மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகும் அரைத் தேக்கரண்டி வெந்தயமும் தாளித்து, முழுப்பற்களைச் சிறு தீயில் எட்டுப் பத்து நிமிடம் பொறுமையாக வதக்கிய பிறகு விழுதையும், இரண்டு மேசைக்கரண்டி குழம்புத் தூளையும், எலுமிச்சை அளவு புளியின் கரைசலையும், உப்பையும் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை கொதிக்க விடுங்கள். இறக்கும்போது சேர்க்கும் சிறு துண்டு வெல்லம், எங்கேனும் ஒட்டிக்கொண்டிருக்கும் கசப்பை மறைத்துவிடும். மறுநாள் இந்தக் குழம்பு இன்னும் நன்றாக இருக்கும்.

சுருங்கி வற்றிய, ஆனால் பூசணம் பிடிக்காத பற்கள் இன்னும் மீதமிருந்தால் பூண்டுப் பொடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் குறைந்திருப்பதால் அவை விரைவில் மொறுமொறுப்பாகும். பொடிக்கு வேண்டியது அதுதானே.

எலுமிச்சைச் சாற்றில் போட்ட பூண்டு ஊறுகாய் இரண்டே நாளில் நீலப்பச்சையாகிவிட்டது. பீங்கான் ஜாடிதான் பயன்படுத்தினேன், ஈரக் கரண்டியும் படவில்லை. பார்க்கவே பயமாக இருக்கிறது. – வாசகி, சென்னை

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், பூண்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்ததாகவும் சில பற்களில் குருத்து இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். காரணம் அங்கேதான் இருக்கிறது. குளிரில் இருந்த பூண்டில் ஐசோஅல்லீன் என்ற கந்தகச் சேர்மம் கூடுகிறது. பல் வெட்டுப்பட்டுப் புளிப்பில் ஊறும்போது, அதிலிருந்து பிறக்கும் பொருள்கள் பூண்டிலேயே உள்ள அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து நீலமும் பச்சையுமான நிறமிகளை உண்டாக்குகின்றன. இது பாத்திரத்தின் குற்றமோ கைப்பக்குவத்தின் குறையோ இல்லை. உடலுக்குத் தீங்கும் இல்லை. நிறம் பல்லுக்குள் ஊறியிருந்தால் இதுதான். மேலே பஞ்சு போலப் படர்ந்து, கெட்ட வாடையும் அடித்தால் அது பூசணம், ஜாடியோடு கொட்ட வேண்டியதுதான்.

நாம் அஞ்சும் இந்த நிறத்தை வட சீனத்தில் வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். அவர்களுடைய சந்திர நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாளை ஒட்டி, குளிரில் கிடந்த பூண்டை உரித்து வினிகரில் ஊறவைப்பார்கள். மரகதக் கல் போலப் பச்சையான பிறகு, சீனப் புத்தாண்டு நேரத்தில் கொழுக்கட்டை போன்ற பண்டத்தோடு தொட்டுக்கொள்வார்கள். லாபா பூண்டு என்பது அதன் பெயர். அங்கே பூண்டு பச்சையாகாவிட்டால்தான் வீட்டுப் பெண்கள் வருத்தப்படுவார்களாம்.

ஆனாலும் நம் பந்தியில் நீல ஊறுகாயை யாரும் தொடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அடுத்த முறை குளிரில் வைக்காத, முளைக்காத பூண்டாக வாங்கி, சில வாரங்கள் வெளியிலேயே வைத்திருந்து ஊறுகாய் போடுங்கள். சாறு சேர்க்கும் முன் பற்களை நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிவிட்டால் நொதி அடங்கி, நிறம் மாறும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். இஞ்சி பூண்டு விழுது பச்சையாவதும் பெரும்பாலும் இதே கதைதான்.

சில கடைப் பூண்டு எத்தனை மாதமானாலும் முளைப்பதே இல்லை. மருந்தடிக்கிறார்களா? – வாசகர், ஈரோடு

பெரும்பாலும் அது புதுப் போகப் பூண்டாகவோ, கிடங்கில் சரியான குளிரில் இருந்ததாகவோ இருக்கும். சில நாடுகளில், அறுவடைக்கு முன் வயலிலேயே மாலிக் ஹைட்ரசைடு என்ற முளையடக்கியைத் தெளிப்பதுண்டு. காமா கதிர் பாய்ச்சி முளையை அடக்கும் முறையும் இருக்கிறது. வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு ஆகியவற்றுக்கு இந்தியாவில் அதற்கு அனுமதி உண்டு. மகாராஷ்டிரத்தின் லாசல்காவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் வெங்காயத்தை மனதில் வைத்து அமைத்த ‘கிருஷக்’ நிலையம் இதற்காகவே தொடங்கப்பட்டது. கதிர் பாய்ச்சுவதால் பூண்டு கதிரியக்கம் உடையதாக மாறிவிடாது. என்னைக் கேட்டால், முளைக்கிற பூண்டைக் கண்டு அஞ்சுவதும், முளைக்காத பூண்டைக் கண்டு அஞ்சுவதும் ஒரே வீட்டில் நடந்தால் சமையல் எப்படி நடக்கும்?

முளைத்த பூண்டுதான் சாதாரணப் பூண்டைவிடச் சத்தானது, இதய நோயும் புற்றுநோயும் அண்டாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. வேண்டுமென்றே முளைக்க வைத்துச் சாப்பிடலாமா? – வாசகர், சேலம்

அந்தச் செய்திக்கு ஒரு வேர் உண்டு. 2014-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஐந்து நாட்கள் முளைத்த பூண்டின் சாற்றில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறன், முளைக்காத பூண்டின் சாற்றில் இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தது. இளங்குருத்து கிருமிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் புதிய பொருள்களை உருவாக்குகிறது என்பதால் இதில் வியப்பில்லை. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் சாற்றை வைத்து அளந்த அளவு. அதைத் தின்ற மனிதருக்கு நோய் வரவில்லை என்று அந்த ஆய்வு சொல்லவில்லை; அங்கிருந்து புற்றுநோய்க்குத் தாவியது செய்தியைப் பரப்பியவர்களின் கைவேலை. முளைத்துவிட்டால் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்; அதற்காகவே முளைக்க வைக்க வேண்டியதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், பச்சைப் பூண்டை மருந்து போல அதிக அளவில் தின்னத் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பூண்டின் குணம் முழுதாக வேண்டுமென்றால் அதற்கு எளிய வழி உண்டு. நசுக்கிய அல்லது அரிந்த பூண்டை உடனே சட்டியில் போடாமல் பத்து நிமிடம் வெளியே வைத்திருங்கள். நொதி தன் வேலையை முடித்த பிறகு சூடு பட்டால் இழப்பு குறைவு.

நான் அறையில் தனியாகச் சமைக்கும் மாணவன். முளைவிடத் தொடங்கிய பூண்டை எல்லாம் உரித்து, பாட்டிலில் போட்டு, மூழ்கும்வரை எண்ணெய் ஊற்றி அலமாரியில் வைத்தால் கெடாது என்று நண்பன் சொன்னான். செய்யலாமா, அம்மா? – வாசகர், பெங்களூரு

வேண்டாம் தம்பி. இந்தப் பக்கத்தில் உள்ள கடிதங்களில் உண்மையில் அஞ்ச வேண்டியது உங்கள் நண்பரின் யோசனைக்குத்தான். மண்ணில் விளையும் பூண்டில் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஒட்டியிருக்கக்கூடும். காற்று இருக்கும்வரை அவை சும்மா கிடக்கும். எண்ணெய் காற்றை அடைத்துவிடுகிறது; பூண்டில் ஈரம் இருக்கிறது, புளிப்பு போதாது; அறைச் சூட்டில் அவை பெருகி, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நஞ்சை உண்டாக்கும். வாடையிலோ நிறத்திலோ மாற்றம் தெரியாமல் போகலாம் என்பதுதான் இதில் கொடுமை. கனடாவின் வான்கூவர் நகரில் 1985-இல் ஓர் உணவகத்தில், எண்ணெயில் போட்டுக் குளிரில் வைக்காத பூண்டைச் சாப்பிட்ட 36 பேர் இப்படித்தான் பாதிக்கப்பட்டார்கள். எண்ணெயில் போட்டே ஆக வேண்டுமென்றால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். அதைவிட, உப்புச் சேர்த்து விழுதாக அரைத்து, பனிக்கட்டித் தட்டில் நிரப்பி உறைய வைத்துவிட்டால், வேண்டும்போது ஒரு கட்டியை எடுத்துச் சட்டியில் போட்டுக்கொள்ளலாம். தனியாகச் சமைப்பவருக்கு அதுதான் வசதி. புளியும் உப்பும் காரமும் நிறைந்த நம் ஊறுகாயின் நிலை வேறு. புளிப்பு போதுமான அளவு இருக்கும் இடத்தில் இந்தப் பாக்டீரியா வளராது.

மகளுக்குப் பிரசவமாகி இருபது நாள். பாலில் வேகவைத்துக் கொடுக்க வாங்கிய மலைப்பூண்டு முளைத்துவிட்டது. பச்சை உடம்புக்காரிக்குக் கொடுக்கலாமா? – வாசகி, பெரியகுளம்

கொடுக்கலாம். குருத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். பாலில் ஒளிய இடமில்லாததால் அதன் கசப்பு அப்படியே தெரியும். வடுகபட்டிப் பூண்டுச் சந்தையைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு சில்லறை விலையில் எப்போதும் உயரத்தில் இருப்பதால், மாதக்கணக்குக்கு வாங்கிக் குவிக்காமல் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது நல்லது. பூண்டு தின்ற தாயின் பாலில் அதன் மணம் ஏறுமா என்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆராய்ந்து 1991-இல் வெளியிட்டார்கள். மணம் ஏறியது, குழந்தைகள் முகம் திருப்பவில்லை, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் பால் குடித்தார்கள்.

சமைக்க முடியாத அளவுக்கு முளைத்துவிட்டதை மாடியில் தொட்டியில் நட்டேன். இலை வந்தது; நான்கு மாதம் கழித்துத் தோண்டினால் பூண்டு இல்லை, வெங்காயம் போல ஒரே ஓர் உருண்டைதான் இருந்தது. எங்கே தவறு? – வாசகர், மதுரை

தவறு உங்களுடையதில்லை, மதுரையுடையது. பூண்டு பற்களாகப் பிரிய வேண்டுமென்றால் அதன் வளர்ச்சிக் காலத்தில் சில வாரங்களாவது நல்ல குளிர் கிடைக்க வேண்டும். பிறகு பகல் நீள வேண்டும். கொடைக்கானலின் மன்னவனூரிலும் பூம்பாறையிலும், வட இந்தியக் குளிர்காலத்திலும் கிடைக்கும் அந்தக் குளிர் உங்கள் மாடியில் கிடைக்காது. அது கிடைக்காத பூண்டு பிரியாமல் ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். அதையும் சமைக்கலாம், தவறில்லை.

ஆனால் சமவெளியில் பூண்டை நடுவது கிழங்குக்காக அல்லாமல் இலைக்காக என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றமே இருக்காது. குஜராத்தில் குளிர்காலத்தில் பூண்டின் இளந்தாளை ‘லீலு லசண்’ என்று கட்டுக்கட்டாக விற்பார்கள். ஊந்தியு என்ற அவர்களுடைய காய்கறிக் கலவைக்கு அதன் பச்சை மணம் இன்றியமையாதது. நமக்கும் அது பழக்கமில்லாத ருசி இல்லை. பூண்டும் வெங்காயத்தாளும் சேர்ந்தது போல இருக்கும். முளைத்த பல்லைக் கூர்முனை மேலே இருக்கும்படி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில், பல்லுக்குப் பல் நான்கு விரல் இடைவெளி விட்டு ஊன்றுங்கள். தோலை உரிக்க வேண்டாம். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்பதால், மழை நாட்களில் தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் இலை ஒரு சாண் வளர்ந்துவிடும். அடியோடு பிடுங்காமல் இரண்டு விரல் விட்டு அரிந்தால் மீண்டும் துளிர்க்கும். இரண்டாம் முறை அரிந்த இலை மெலிந்து மஞ்சளித்தால் பல்லில் இருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். அதைத் தோண்டியெடுத்து, கூடையில் அடுத்து முளைத்திருக்கும் பல்லை அந்தக் குழியில் வைத்துவிடுங்கள்.